பெட்டிக்கும் எனக்கும் ஒரே பலகை

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று எட்டு மணித் திருப்பலியில், காணிக்கைப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் என் கிட்டாரின் ஆம்ப்ளிஃபையர் பெட்டி செத்துப்போனது. பதினெட்டு வருடம் உழைத்த பெட்டி. ஒரு முறை கனைத்தது, கருகல் வாடை வந்தது, அவ்வளவுதான். கிளாடிஸ் கீபோர்டில் இடது கையால் என் பகுதியையும் சேர்த்து வாசித்துச் சமாளித்தாள். கோவிலில் ஒரு தலையும் திரும்பவில்லை. பேஸ் கிட்டார் வாசிப்பவள் தலையெழுத்து அது. மற்ற கிட்டாருக்கு ஆறு தந்தி, கைதட்டல் எல்லாம் உண்டு. என்னுடையதற்கு நாலு தடித்த தந்தி. இருப்பது தெரியாது, இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது என்று தோன்றும். இன்று அதுவும் யாருக்கும் தோன்றவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் திருப்புளியுடன் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருடம் கம்பம் ஏறிய மனிதர். ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் எது பழுதானாலும் அவருக்குப் பண்டிகைதான். இன்று முகம் சுருங்கிவிட்டது.

"முடிஞ்சு போச்சு ஜெனோ. பூசை வச்சு அடக்கம் பண்ண வேண்டியதுதான்."

கொஞ்ச நாளாகவே அதில் சத்தம் குறைந்துகொண்டு வந்தது. நானும் திருகைக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். பாவம், தாங்கவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

மகள் டெல்பின் கோவையிலிருந்து போன் செய்தாள். ஜனவரி 27 அவள் கல்யாணம். சேலை, பத்திரிகை, மாப்பிள்ளை வீட்டார் கேட்ட விருந்து எதைப் பற்றியும் அவளுக்குக் கவலை இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்.

"அம்மா, வருகைப் பாட்டுக்கு நீதான் வாசிக்கணும். அந்த நாலு சுத்து கேட்டாத்தான் வாசல்ல இருந்து காலெடுத்து வப்பேன். இல்லேன்னா அங்கயே நிப்பேன்."

அந்தப் பாட்டு நானும் கிளாடிஸும் சேர்ந்து கட்டியது. முதல் நாலு சுற்று பேஸ் மட்டும் தனியாக வரும். பிறகுதான் கீபோர்டு, பிறகு குரல்கள். பொண்ணோட அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன் பெஞ்சில் உட்காராமல் பாடகர் குழுவில் நின்று கிட்டார் வாசிப்பதா என்று சம்பந்தியம்மாள் கேட்டார்களாம். "எங்கம்மா அப்படித்தான்" என்றாளாம் இவள்.

இவள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது கிட்டாரை வயிற்றின்மேல் சாய்த்து வாசிப்பேன். கீழ்த்தந்தியைத் தொட்டால் உதைப்பாள். மேல்தந்திக்கு அசைய மாட்டாள். அப்போதே ரசனை.

அக்டோபர் 12, சனி

பாடகர் குழுக் கூட்டம். ஒலிக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிட்டோ, பெட்டியே வேண்டாம் என்கிறான். கிட்டார் வயரை நேராக மிக்சரில் செருகிவிடலாமாம். நான் காதில் ஒரு இயர்போன் மாட்டிக்கொண்டால் போதுமாம்.

"பெரிய சர்ச்ல எல்லாம் இப்ப அப்படித்தான் ஆன்ட்டி."

இயர்போன் மாட்டிக்கொண்டு வாசிக்க நான் என்ன பஸ்ஸில் ஜன்னலோரமா உட்கார்ந்திருக்கிறேன்? எனக்குப் பின்னால் பெட்டி வேண்டும். ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஒன்றாக இருக்கும் காம்போதான் வேண்டும், அதுவும் என் கைக்கெட்டும் தூரத்தில். பங்குத்தந்தை சிரித்துக்கொண்டே, "அம்மா இஷ்டப்படி பாத்து வாங்கட்டும்" என்றார்.

பிரிட்டோ ஏதோ சொல்ல வந்து கிளாடிஸைப் பார்த்தான். கிளாடிஸ் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள்.

அக்டோபர் 19, சனி

மதுரை போய் வந்தோம். கடையில் நாலு பெட்டி வைத்துக் காட்டினார்கள். முதலாவது எட்டு அங்குல ஸ்பீக்கர், வீட்டில் பழகிப் பார்ப்பதற்கு. அதைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோனால் கொசு ரீங்கரிப்பதுபோல் இருக்கும். அடுத்து பத்து, பன்னிரண்டு, பதினைந்து அங்குலம்.

கடைப் பையன் என்று சொல்ல முடியாது, நாற்பது வயது ஆள், பொறுமையாக விளக்கினார். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது, கொஞ்சம்தான் கூடும். வாட்டைப் பார்த்து ஏமாறாமல் ஸ்பீக்கரைப் பாருங்கள், எடையைப் பாருங்கள், மிக்சருக்குப் போகத் தனி லைன் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் பெட்டி எவ்வளவு கெட்டி என்று காட்டுவதற்காக அதன்மேல் ஏறி உட்கார்ந்தார் பாருங்கள், எனக்குச் சுருக்கென்றது.

"இறங்குங்க தம்பி. வாசிக்கிற சாமான் மேல உக்காரலாமா?"

"ஆம்ப்பு தானே மேடம்."

"சத்தம் வர்ற வாய் அது."

இறங்கிவிட்டார். பாவம், தொட்டுக் கும்பிடவும் செய்தார்.

பத்து அங்குலத்தில் வாசித்தேன். தகர டப்பா. பன்னிரண்டும் அப்படித்தான். பதினைந்தில் திருகை முக்கால்வாசி வைத்தபோதுதான் ஏதோ கொஞ்சம் ஆள் இருப்பது தெரிந்தது. இவர் ஒரு ஓரமாக நின்று, வாங்காத பெட்டியின் கையேட்டைக்கூட முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். மாத்திரை அட்டையில் இருப்பதையும் விடாமல் படிக்கிற மனிதர். நான் பதினைந்தில் வாசித்ததும் நெஞ்சைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏய், நெஞ்சுல குத்துது ஜெனோ."

வாசலில் பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கென்னவோ எல்லாப் பெட்டியும் மெலிசாகத்தான் கேட்டது. இந்தக் காலத்துப் பெட்டிகளில் சரக்கு இல்லை. இருப்பதில் பெரியதை வாங்கிக்கொண்டு வந்தோம். தள்ளிக்கொண்டு போக நாலு சக்கரம் வைத்திருக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

முன்னறையில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு இரைச்சல் இல்லை, ஒரு முனகல் இல்லை. பழைய பெட்டி எப்போதும் உம்மென்று முனகிக்கொண்டே இருக்கும். இது பளிங்கு மாதிரி அமைதி.

இவர் அடுக்களையிலிருந்து வந்து, "என்ன இப்படி இரையுது? டிரான்ஸ்பார்மர் கணக்கா" என்றார்.

"எங்க இரையுது?"

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெட்டியின் தலையில் புறங்கையை வைத்துப் பார்த்தார். வயதானால் காதுக்குள்ளேயே சத்தம் கேட்குமாம். பாவம், நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

கொல்லையில் எர்த் குழியைத் தோண்டிக்கொண்டிருக்கிறார். எர்த் சரியில்லாமல்தான் பெட்டி இரைகிறதாம். கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். ஒரு மூட்டை உப்பு. முடித்துவிட்டு வந்து பெட்டியைப் போட்டு, "இப்ப பாரு, நின்னுருச்சு" என்று மகிழ்ந்தார். எனக்கு முன்னும் பின்னும் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனாலும் "ஆமாங்க" என்றேன். ஓய்வுபெற்ற மனிதருக்கு ஒரு சந்தோஷம்.

அக்டோபர் 27, ஞாயிறு

புதுப் பெட்டிக்கு முதல் திருப்பலி. சத்தம் போதவில்லை. கொஞ்சம் கூட்டினேன். மறுபடியும் கொஞ்சம். தியானப் பாட்டில் அந்தோணியார் கூண்டின் கண்ணாடி கடகடவென்று ஆடியதாம். ஃபாதர் பீடத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். கிளாடிஸ் கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினாள். வேகத்தைக் குறைக்கச் சொல்கிறாள் என்று நினைத்து நான் தாளத்தை இழுத்துவிட்டேன்.

இதற்குக் காரணம் இருக்கிறது, கையேட்டிலேயே போட்டிருக்கிறதாம். பேஸ் சத்தம் நீண்ட அலை. பெட்டியை ஒட்டி நிற்பவருக்குக் காலடியில் கடந்துபோய்விடும், தள்ளி இருப்பவருக்குத்தான் மொத்தமாகப் போய்ச் சேரும். வாசிப்பவர் கேட்கவில்லை என்று கூட்டுவார், கடைசி பெஞ்சுக்காரர் காதைப் பொத்துவார். எல்லா பேஸ்காரர்களும் செய்கிற தப்புதான் இது. நானும் செய்திருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம்.

நவம்பர் 3, ஞாயிறு

நீளமான கேபிள் வாங்கி, காலிக் கோவிலில் பெட்டியைப் போட்டுவிட்டுத் தள்ளித் தள்ளி நின்று வாசித்துப் பார்த்தேன். பத்தாவது பெஞ்சு வரை போனேன்.

கேபிளின் நீளம் போதவில்லை.

நவம்பர் 7, வியாழன்

பள்ளி அலுவலகத்தில் பீரோவைத் திறக்க எழுந்தபோது பீரோ ஒரு பக்கமாகச் சுற்றியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. ஐப்பசி மழைக்கு இடது காதில் பஞ்சு வைத்ததுபோல் அடைப்பு வேறு. தலைமையாசிரியை சிஸ்டர் இஞ்சி டீ கொடுத்தார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் இதெல்லாம் ஒரு சேதியா?

நவம்பர் 9, சனி

பத்திரிகை மாதிரி பார்க்கத் தனியாக மதுரை போனேன். டோக்கன் பதினேழு. இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டார்கள். பிறகு ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் வைத்து, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள்.

மாதிரி எதுவும் பிடிக்கவில்லை.

கொடுத்த காகிதத்தை நாலாக மடித்துப் பெட்டியின் கையேட்டுக்குள் செருகி, கையேட்டைப் பெட்டி உறையின் பையில் வைத்துவிட்டேன். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

நவம்பர் 13, புதன்

இனிமேல் சமையல் தன் பொறுப்பு என்று அறிவித்துவிட்டார். "உனக்குக் கல்யாண வேல தலைக்கு மேல கெடக்கு" என்கிறார். அன்பு சரிதான், கைதான் சரியில்லை. சாம்பாரில் உப்பில்லை. ரசத்தில் உப்பில்லை. மோர்க்குழம்பு என்று ஒன்று வைத்தார், ஜுரக்காரருக்குக் கொடுக்கலாம்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்கு சரியாத்தான இருக்கு" என்று அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். எர்த் குழிக்கு மூட்டை உப்பு, கட்டின பெண்டாட்டிக்கு ஒரு கல் இல்லை.

நவம்பர் 16, சனி

ஊறுகாய் ஜாடியைக் காணோம். அப்பளக் கட்டையும் காணோம். கேட்டால் எறும்பு வந்துவிட்டது என்கிறார். இந்த வாரம் கருவாடும் வாங்கவில்லை. திண்டுக்கல் முழுக்க எறும்புதான் போலிருக்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

கிளாடிஸ் வீட்டுக்கு வந்தாள். இருபது வருடமாக என் பக்கத்தில் நின்று வாசிப்பவள். என் தங்கை இருந்திருந்தால் இவளைப் போலத்தான் இருந்திருப்பாள். பலகாரத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, கல்யாணத்தன்னிக்கு நீங்க பொண்ணோட அம்மா. முன்னாடி நிம்மதியா உக்காந்து பாக்கணும். பிரிட்டோவோட சித்தி மகன் ஒருத்தன் நல்லா வாசிக்கிறான். அவன..."

"நான் தப்பா வாசிக்கிறேனா?"

அவள் அழுதுவிட்டாள். போன வாரம் ஒரு பாட்டு முழுவதும் நான் அரைச் சுருதி தள்ளி வாசித்தேனாம். பிரிட்டோ என் வயரை மிக்சரில் மூடிவிட்டு, கீபோர்டில் அவள் இடது கைச் சத்தத்தை ஏற்றிவிட்டானாம். அதற்கு முன்பும் பல வாரங்கள் அப்படித்தானாம். பெட்டியின் சத்தம் மட்டும் எனக்காகப் பின்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் காப்பியை அவளுக்குக் கொடுக்காமல் நானே குடித்துவிட்டேன். சொல்லாமல் செய்தார்களே என்ற கோபம் பாதி. மூடியபிறகும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லையே என்பது மீதி. அதை அவளிடம் சொல்லவில்லை.

"ஜனவரி வரைக்கும் டைம் குடு. முடியலேன்னா நானே சொல்றேன்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. மதியம் வீட்டில் தனியாகப் பழகினேன். வருகைப் பாட்டின் நாலு சுற்று. இடது காதில் கடல். வலது காதில் தந்தியை விரல் சுண்டும் டிக் டிக் மட்டும் வருகிறது, அதற்கு அடியில் இருக்க வேண்டிய சத்தம் இல்லை. தண்ணீரில்லாத கிணற்றில் வாளி விடுகிறதுபோல் இருந்தது.

எரிச்சலில் நகர்ந்தபோது வெறும் குதிகால் பெட்டியில் இடித்துவிட்டது. அப்போது கை கீழ்த்தந்தியில் இருந்தது.

கேட்டது. காலில் கேட்டது என்று எழுதினால் பைத்தியம் என்பார்கள், ஆனால் அப்படித்தான். தந்தி தொடங்கியது, நின்றது, அடுத்த சுரத்துக்கு மாறியது எல்லாம் குதிகாலிலிருந்து முழங்கால் வரை அவ்வளவு தெளிவாக வந்தது. மூன்று மாதமாக நான் எந்தச் சுரத்தையும் இவ்வளவு முழுசாகக் கேட்கவில்லை.

மறு நொடியே பதறிப்போய்ப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சின்ன வயதில் ஆர்மோனியப் பெட்டியைத் தாண்டியதற்கு அப்பாவிடம் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. காலால் பெட்டியை மிதித்துக்கொண்டு ஆண்டவர் பாட்டு வாசிப்பதா? ஒரு தரம் தெரியாமல் நடந்தது. அத்தோடு சரி.

டிசம்பர் 8, ஞாயிறு

அத்தோடு சரியாகவில்லை. ஒத்திகையில் இரண்டு மூன்று தரம் கால் தானாகப் பின்னால் போனது. படும், கேட்கும், உடனே குனிந்து தொட்டுக் கும்பிடுவேன். மறுபடி படும். ஒரு பாட்டுக்குள் ஆறு தரம் குனிந்திருக்கிறேன்.

"என்னக்கா, பெட்டியத் தொட்டுத் தொட்டுக் கும்புடுறீங்க? அற்புதம் புதுமை எதுவும் பண்ணுச்சா?" என்று கிளாடிஸ் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

என்னைக் கூட்டிப்போக வந்த இவர் பக்கவாசலில் நின்றிருந்தார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 14, சனி

பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் முன்னறையில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, நாலு சக்கரத்தையும் கழற்றிவைத்திருக்கிறார். எனக்குப் பகீரென்றது.

"என்ன பண்றீங்க? புதுப் பெட்டிங்க."

"சக்கரத்துல ரப்பரு இருக்குல்ல. அது அதிர்வ முழுங்கிருது."

கொல்லையில் துணி துவைக்கப் போட்டிருந்த பலகையை உள்ளே கொண்டுவந்திருந்தார். மின்வாரியத்தில் கேபிள் சுற்றிவரும் பெரிய உருளையிலிருந்து எப்போதோ எடுத்துவந்தது. தேய்த்துக் கழுவி, இழைத்து, எண்ணெய் தடவியிருந்தார். அதைத் தரையில் போட்டு, ஒரு முனையில் பெட்டியைத் தூக்கிவைத்தார்.

"செருப்பக் கழத்திட்டு இங்கிட்டு வந்து நில்லு."

"எதுக்கு?"

"பெட்டிய மிதிச்சாத்தான ஒனக்குப் பாவம்? நீ மிதிக்க வேணாம். அது பாட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கட்டும், நீ இந்தப் பக்கம் நில்லு. ரெண்டு பேரும் ஒரே பலகையில நின்னா யாருக்கு யாரு மரியாதக் கொறச்சல்?"

இவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கம்பத்துக்கு மேல டிரான்ஸ்பார்மர் ஓடுதான்னு நாங்க காதால கேக்க மாட்டோம். காத்து, லாரி, ஆயிரம் எரச்சல். அடில புறங்கைய வச்சுப் பாப்போம். தெரிஞ்சிரும். கீழ்ச்சத்தத்துக்குக் காதே வேணுங்குறது இல்ல ஜெனோ."

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"கையேட்டுல பதினாலாம் பக்கத்துல இருந்துச்சு. நாலா மடிச்சு."

"எப்பப் பாத்தீங்க?"

"நவம்பர் பத்து."

பத்தாம் தேதி. பதின்மூன்றாம் தேதி சமையலறைக்குள் போனவர். அந்தக் காகிதத்தில் மருந்துக்கு மேலே பெரிய எழுத்தில் முதல் வரியாக எழுதியிருந்தது, உப்பைக் குறைக்கவும் என்று.

ஒரு மாதமாக ஒரு கேள்வி கேட்கவில்லை. நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாராம். நான் சொல்லாமல் சாம்பாரைத் திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். இவர் தோளில் சாயலாம் என்று பார்த்தால் கை முழுக்க எண்ணெய்.

இப்போது இங்கேயும் எழுதிவிடுகிறேன். அன்று மதுரை போனது பத்திரிகைக்கு அல்ல, காது டாக்டரிடம். இடது காதில் கீழ்ச்சத்தம் போய்விட்டது. வலதிலும் தொடங்கியிருக்கிறது. காதுக்குள் நீர் கூடிக் குறைகிற வியாதி. ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். என்னிடம் இத்தனை வருடம் நாலு தந்திகள்தான் இருந்தன. அந்த நாலும் இருக்கிற இடத்தைப் பார்த்துத்தான் வியாதி வந்திருக்கிறது. பெட்டியைக் குறை சொன்னேனே, பாவம் பழைய பெட்டி.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறினேன். கீழ்த்தந்தியைச் சுண்டினேன். இரண்டு பாதத்திலும் வந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

கிளாடிஸிடமும் பிரிட்டோவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கிளாடிஸ் மறுபடியும் அழுதாள். அவளுக்குச் சேர வேண்டிய காப்பியை இன்று கொடுத்துவிட்டேன். பிரிட்டோ அழாமல் பெட்டி முன் குந்திவிட்டான்.

"ஆன்ட்டி, நீங்க பேஸ் திருகையே ஏத்திட்டு இருக்கீங்க. கேக்காத எடத்தையே ஏத்தி என்ன புண்ணியம்? அதக் கொறச்சிருவோம். நடுவுல இருக்குற மிட்ட ஏத்துங்க. அது ஒங்களுக்குக் காதுல வரும், அடிச்சத்தம் காலுல வரும்."

முப்பது வருடமாக மிட் திருகை நான் தொட்டதே இல்லை. மூக்கால் பேசுகிற சத்தம் என்று எனக்கு அதன்மேல் இளக்காரம். இன்று பாதி திருப்பியதும் வலது காதில் சுருதி நூல் பிடித்ததுபோல் வந்தது. அந்தோணியார் கூண்டும் ஆடவில்லை.

டிசம்பர் 25, புதன்

கேக்கில் உப்பு உண்டாம். எனக்கு விரல்நுனி அளவு துண்டு.

ஜனவரி 12, ஞாயிறு

நல்ல நாள், கெட்ட நாள் என்று மாறி மாறி வருகிறது. நேற்று நல்ல நாள், தெருவில் டிரான்ஸ்பார்மர் இரைவதுகூடக் கேட்டது. இவரைக் கூப்பிட்டு "கேக்குதுங்க" என்றேன். இருவரும் வாசலில் நின்று மின்வாரியத்தின் முனகலை ரசித்துக் கேட்டோம். எதிர்வீட்டார் என்ன நினைத்தார்களோ. இன்று கெட்ட நாள். தலை சுற்றி மதியம் வரை படுத்தே இருந்தேன்.

கிளாடிஸுடன் பேசி முடிவுசெய்துவிட்டேன். கல்யாணத்தன்று நான் முதல் சுற்றில் தடுமாறினால் இரண்டாவதை அவள் இடது கை எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரியாமல் அல்ல, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு எடுக்க வேண்டும். அப்படி நடந்தால் கிட்டாரைக் கழற்றிவைத்துவிட்டு முன் பெஞ்சுக்குப் போய்விடுவேன். டெல்பினிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ மொத சுத்த வாசிம்மா. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாள். வாசலில் நிற்கிறவள் எதைப் பார்த்துக்கொள்வாளோ தெரியவில்லை.

ஜனவரி 27, திங்கள்

காலை ஐந்து மணிக்கு எழுந்தபோதே தெரிந்துவிட்டது. இடது காது முழுக்க அடைப்பு, வலதில் கடல். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். இவர் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். "என்ன?" என்று முகத்தால் கேட்டார். கேட்கவில்லை என்று தலையசைத்தேன். "பலக போட்டாச்சு" என்றார். நேற்றே கொண்டுபோய்ப் போட்டு, மேலே கோவில் கம்பளத்தை விரித்திருக்கிறார்.

பத்து மணி. அரக்குப் பட்டுச்சேலை, வெறுங்கால். சம்பந்தியம்மாள் என் காலையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கிளாடிஸ் என்னைப் பார்த்தாள். பிரிட்டோ கட்டைவிரலை உயர்த்தினான். கோவில் நிறைய வாய்கள் அசைகின்றன, எனக்கு எல்லாம் அலைதான். தூரத்து வாசலில் வெள்ளையாக டெல்பின், பக்கத்தில் வேட்டியில் இவர்.

முதல் சுரத்தைத் தொட்டேன். காதில் ஒன்றுமில்லை. அடுத்த சுரத்துக்கு விரல் பிந்தியது. கிளாடிஸ் இடது கையைத் தூக்கிவிட்டாள்.

அப்போது கம்பளத்துக்குக் கீழிருந்து ஏறியது. முதலில் விரல்களில், பிறகு பாதம் முழுக்க. இரண்டாவது சுரம். மூன்றாவது. ஒவ்வொன்றும் வந்து பாதத்தில் நின்று, நான் போகச் சொன்ன பிறகு போயிற்று. கிளாடிஸைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

முதல் சுற்றின் கடைசியில் நிமிர்ந்து வாசலைப் பார்த்தேன். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அவள் எனக்குக் காட்டினாள். வெள்ளைச் சேலைக்குக் கீழே அவள் வலது கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஊரே பார்க்கட்டும் என்று சேலையை ஒரு கையால் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கால் போட்ட தாளமும் என் பாதத்தில் வந்த தாளமும் ஒன்றாக இருந்தன. வயிற்றுக்குள்ளிருந்து உதைத்த அதே கால். நாலாவது சுற்று முடிந்ததும் எடுத்துவைத்தாள்.

இவர் அவளைப் பீடத்துக்கு முன் கொண்டுவந்து மாப்பிள்ளையிடம் கைபிடித்துக் கொடுத்தார். பிறகு முன் பெஞ்சுக்குப் போக வேண்டியவர், அந்தப் பக்கம் திரும்பாமல் நேராகப் பாடகர் குழுவுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். கம்பளத்தில் ஏறி என் பக்கத்தில் நின்றுகொண்டார். பலகை ஒரு முனகு முனகி மூன்று பேரையும் தாங்கியது. பாட்டு முடியும் வரை முன் பெஞ்சில் பெண் வீட்டாரின் இரண்டு இடமும் காலியாகவே இருந்தன.

இவர் என் வலது காதருகே குனிந்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொல்லி ஜாடை காட்டினேன். வாயை நன்றாகத் திறந்து சொன்னார்.

"எர்த்து சரியா இருக்கு."

ஜனவரி 30, வியாழன்

டெல்பினை நேற்று வழியனுப்பினோம். வீடு வெறிச்சென்று இருக்கிறது. கோவிலிலிருந்து திரும்பி வந்த பெட்டி முன்னறையில் பலகையோடு கிடக்கிறது. வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். எடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

இன்று நான் சமைத்தேன். என் சாம்பாரில் உப்புப் போடவில்லை. பரிமாறும்போதுதான் உறைத்தது. இரண்டரை மாதமாக இந்த மனிதரும் இதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வியாதி எனக்கு. கருவாடு இல்லாமல் சோறு இறங்காத மனிதர், தனக்கென்று ஒரு நாளும் ஒரு சிட்டிகை தனியாகப் போட்டுக்கொள்ளவில்லை. நான் கவனிக்கவே இல்லை.

அவர் பரணில் ஒளித்துவைத்திருந்த ஊறுகாய் ஜாடியை இறக்கினேன். உப்புக் கிண்ணத்தையும் எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நீங்க போட்டுக்கோங்க."

கிண்ணத்தைப் பார்த்தார். சாம்பாரை ஊற்றிப் பிசைந்துகொண்டே அதைப் புறங்கையால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

"உள்ள வை. எர்த் குழிக்கு வேணும்."